பொர்வார் சதுக்கம்

ஒஸ்லோத் தமிழரில் பொர்வார் என்ற ஊரைப் பற்றிச் சிவகாமிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பொர்வார்க்காரரிலேயே அவ்வளவு தெரிந்தவர்கள் கொஞ்சப் பேராகத்தான் இருப்பார்கள். ஹங்கேரியின் தெற்கே, திராட்சைத் தோட்டங்கள் ஏறிப்போகிற ஒரு மலைச்சரிவின் அடியில் கிடக்கிற சின்ன ஊர் அது. நடுவில் ஒரு சதுக்கம். மஞ்சள் பூசின நகரசபைக் கட்டடம், இரண்டு தேவாலயங்கள், ஒரு மருந்துக்கடை, ஒரு பேக்கரி, தண்ணீர் வருகிற நாள் குறைந்த ஒரு நீரூற்று. புரட்டாதியில் அறுவடை விழா நடக்கும். மேயர் தலையில் திராட்சை இலையைச் சுற்றிக்கொண்டு பாட்டுப் பாடுவார். மனுசனுக்குக் குரல் கிடையாது. அந்த வீடியோவை நகரசபையே தன் பக்கத்தில் வெட்கமில்லாமல் போட்டிருக்கிறது, சிவகாமி அதைப் பல தடவை பார்த்திருக்கிறாள்.

மலையடியில் வரிசையாகக் குடைந்த நிலவறைகள் இருக்கின்றன. அங்கேதான் வைன் வைப்பார்கள். சாறு புளிக்கிற நாட்களில் நிலவறைக்குள் ஒரு வாயு சேருமாம். கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை, தரையோடு தேங்கி நிற்குமாம். அதனால் இறங்குகிறவர்கள் கையில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தித் தரையோடு தாழப் பிடித்துக்கொண்டு போவார்கள். திரி அணைந்தால் அந்தப் படியிலேயே திரும்பிவிட வேண்டும். ஊரின் பக்கத்தில் இதைப் பெருமையாக, பழைய வழக்கம் என்று எழுதியிருந்தார்கள். கைத்தொலைபேசி மொழிபெயர்த்துக் கொடுத்ததை ரயிலில் இருந்து வாசித்த சிவகாமிக்கு அது பிடிக்கவேயில்லை. இந்தக் காலத்தில் மெழுகுதிரியை நம்பிப் பள்ளத்துக்குள் இறங்குகிற சனமும் ஒரு சனமோ என்று கோபம் வந்தது.

வைனை அவள் வாயில் வைத்ததில்லை. ஆனாலும் சித்திரையில் பொர்வாரில் உறைபனி விழும் என்று காலநிலை சொன்னால், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் ஆறாம் மாடியில் இருந்துகொண்டு அந்தத் திராட்சைத் தளிர்களுக்காக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பாள். தன் பல்கனியில் செத்துக் கிடக்கிற கறிவேப்பிலைக்குக்கூட அவள் அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

காரணம் வேறு என்ன, பிள்ளைதான். அவளுடைய ஒரே மகள் துஷ்யா அந்த ஊரில் இருந்தாள். அந்தச் சதுக்கத்தில் நகரசபை ஒரு கமரா பொருத்தி வைத்திருந்தது. உல்லாசப் பயணிகளுக்காகப் பூட்டினது, பகல் முழுக்க நேரலையாகப் படம் காட்டும். சிவகாமி வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் மத்தியான ஓய்வு கிடைக்கும்போது அதைத் திறப்பாள். பச்சைக் கோட்டும் நீலச் சைக்கிளுமாக ஒரு பெண் பேக்கரிக்கு வருவாள். முகம் தெரியாது, அவ்வளவு தூரம். ஆனால் சைக்கிளை விட்டு இறங்கும்போது இடது தோளை ஒருமுறை குலுக்குவாள். அந்தக் குலுக்கலைப் பெற்றவளுக்குத் தெரியாதா? பேக்கரிக்கு முன்னால் இருக்கிற விளக்குக் கம்பத்தில் சைக்கிளைச் சாத்தி, பாண் வாங்கி, திரும்பிப் போய்விடுவாள். தாயும் மகளும் சந்தித்துக்கொண்டது அவ்வளவுதான். மகளுக்கு அதுவும் தெரியாது.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நோர்வேயில் மருத்துவத்துக்குப் புள்ளி போதாத பிள்ளைகளை எங்கள் சனம் ஹங்கேரிக்கு அனுப்பும். துஷ்யாவையும் அனுப்பினார்கள். மூன்றாம் வருடம் அவள் அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள். "அம்மா, எனக்கு இது ஏலாது. நான் விடப்போறன்" என்றாள். சிவகாமி ஏசவில்லை. ஏசியிருந்தாலும் பரவாயில்லை. "சரி பிள்ளை, ஆனா இப்போதைக்கு ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று மட்டும் சொன்னாள். பிள்ளை படிப்பை விட்டு, பொர்வாரில் ஒரு வைன் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு, கொஞ்சம் சதையும் வைத்தது. ஒஸ்லோவில் மட்டும் அவள் தொடர்ந்து மருத்துவம் படித்துக்கொண்டே இருந்தாள்.

எந்தப் பொய்யும் ஒருநாள் படித்து முடிக்கத்தானே வேண்டும். அவளோடு போன பிள்ளைகள் பட்டம் பெற்ற வருடம், ஒஸ்லோத் தமிழ்ச் சங்கச் செயலாளர் ஞானரட்ணம் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, புது டொக்டர்மாருக்கு மதிப்பளிக்கிறம். துஷ்யாவின்ரை பேரும் போட்டாச்சு. பிள்ளைக்கு வர ஏலாட்டி நீங்கள் வந்து வாங்குங்கோ" என்றார். 'இல்லை' என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் சிவகாமியின் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. ஊதாக் கூறைச்சேலை உடுத்துக்கொண்டு போய், மேடையில் ஏறி, மகளுக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையைத் தன் தோளில் வாங்கினாள். "டொக்டர் துஷ்யா குலேந்திரன்" என்று பொறித்த கேடயத்தையும் வாங்கினாள். கைதட்டலில் அவளுக்கு உண்மையாகவே மேல் சிலிர்த்தது, அதையும் மறைக்கக் கூடாது. வீடியோ முகநூலில் போனது. பொர்வார்வரை போனது.

மகள் எடுத்தாள். குரல் உயரவில்லை.

"அம்மா, நல்லா இருந்தது. உங்களுக்கு அந்தத் துஷ்யாதான் வேணும். அவவையே வைச்சிருங்கோ. நான் குறுக்கை வரமாட்டன்."

அதோடு அவளுடைய தொலைபேசி இலக்கம் செத்தது. இரண்டு வருடமாயிற்று.

ஏன் விமானம் ஏறிப் போகவில்லை என்று கேட்கலாம். அப்பா குலேந்திரன், பஸ் ஓட்டுகிறவர், "அவள்தானே எங்களை விட்டுட்டுப் போனவள். அவள் வரட்டும்" என்று ஒரேயடியாக நின்றார். சிவகாமிக்கு வேறு பயம். போய், பிள்ளை கதவைச் சாத்திவிட்டால்? பிறகு அந்தக் கமராவைப் பார்க்கிற தைரியமும் போய்விடும். இப்போது இருக்கிறது அந்த ஒன்றுதான், அதையும் இழக்க அவளுக்கு மனமில்லை.

சனம் கேட்டால் சொல்ல அவளிடம் ஒரு வசனம் இருந்தது. கோயிலில், கடையில், கலியாண வீட்டில், எங்கே யார் துஷ்யாவை விசாரித்தாலும் அது வழுக்கிக்கொண்டு வரும்: "நேற்றும் கதைச்சனான். 'டியூட்டியிலை நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்' எண்டாள்." இவ்வளவு அழகான பொய்யை யாரும் கிண்டிப் பார்க்க மாட்டார்கள். டியூட்டியில் நிற்கிற பிள்ளையை யார் குறை சொல்வது?

இந்த வருடம் அறுவடை விழா முடிந்தது. மேயர் பாடினார். அதற்கு அடுத்த கிழமையோடு பச்சைக் கோட்டுப் பெண் சதுக்கத்துக்கு வருவது நின்றுபோனது.

ஆனால் சைக்கிள் நின்றது. பேக்கரி விளக்குக் கம்பத்தில் சாத்தினபடி அப்படியே நின்றது. மழை பெய்தது, நனைந்தது. சதுக்கத்து மரங்கள் இலை கொட்டின, அதன் கூடைக்குள் இலை நிரம்பியது. ஒருநாள் காற்றில் விழுந்தது, பேக்கரிக்காரி வெளியே வந்து நிமிர்த்திச் சாத்திவிட்டுப் போனாள். சிவகாமி மகளுக்காகத் தனக்குத் தானே எத்தனை சாட்டுச் சொல்லிப் பார்த்தாள்! சளி பிடித்திருக்கும். புதுச் சைக்கிள் வாங்கியிருப்பாள். வேறு பேக்கரிக்குப் போவாள். பொர்வாரில் வேறு பேக்கரி இல்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பேக்கரிக்கே தொலைபேசி எடுத்தாள். அந்தப் பெண் ஹங்கேரிய மொழியில் நீளமாக, மிக மெதுவாக என்னவோ சொன்னாள். சிவகாமிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "துஷ்யா, துஷ்யா" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு மட்டும் கேட்டது. அந்தப் பெருமூச்சு அவளுக்குச் சோறு தண்ணி இல்லாமல் செய்துவிட்டது.

உதவி கேட்க ஒரு ஆள் இருந்தாள், அதுதான் கொடுமை. ஒஸ்லோவின் மறு அந்தத்தில், ஸ்டோவ்னரில் இருக்கிற புஷ்பராணியின் மகள் யதுர்ஷா, துஷ்யா படித்த அதே நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். பொர்வாருக்கு அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். ஒரு வார்த்தை சொன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஆனால் யதுர்ஷாவிடம் கேட்பது புஷ்பராணியிடம் சொல்வது. புஷ்பராணியிடம் சொல்வது கோயில் ஒலிபெருக்கியில் சொல்வது.

போதாக்குறைக்கு அந்தக் கிழமை புஷ்பராணி ஓயாமல் தொலைபேசி எடுத்தாள். திங்கள் எடுத்தாள், மறுநாளும் எடுத்தாள்.

"அக்கா, துஷ்யா எப்பிடி?"

"நல்லா இருக்கிறாள்."

"கடைசியா எப்ப கதைச்சனீங்கள்?"

"நேற்றுத்தான். டியூட்டியிலை நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன் எண்டாள்."

"முகம் பாத்தோ கதைச்சனீங்கள்?"

"ஓம், ஓம். வீடியோவிலைதான்."

"அப்ப சரி அக்கா" என்று வைத்துவிட்டாள். மோப்பம் பிடிக்கிறாள் என்று சிவகாமிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த தடவை எடுத்தபோது இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளை மெலிந்துவிட்டாள், வேலை கூட என்றும் சேர்த்துச் சொன்னாள்.

சனிக்கிழமை காலமை கமராவைத் திறந்தாள். பொர்வாரில் பனி விழுந்திருந்தது. சதுக்கம் வெள்ளை, நீரூற்று வெள்ளை. நீலச் சைக்கிளின் சீற்றில் ஒரு சாண் உயரத்துக்குப் பனி குந்திக்கொண்டிருந்தது. சிவகாமி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ."

குலேந்திரன் வந்து திரையைப் பார்த்தார். இத்தனை நாளும் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பின மனுசன் அன்றைக்குக் குனிந்து பார்த்தார்.

"என்னது?"

"பிள்ளையின்ரை சைக்கிள். அறுவடையிலை இருந்து அங்கைதான் நிக்குது. பிள்ளையைக் காணேல்லை."

அவர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார். பிறகு கேட்டார்: "ஆரிட்டைக் கேக்கப் போறீர்?"

"யதுர்ஷாவிட்டை."

"புஷ்பராணிக்குத் தெரியவருமே."

"வரட்டும்."

"முழு ஒஸ்லோவும்..."

"வரட்டும் எண்டிறன்! எனக்கு என்ரை பிள்ளை இருக்கோ இல்லையோ எண்டு தெரியாது, நீங்கள் ஒஸ்லோவைப் பற்றிக் கதைக்கிறீங்கள்!"

கண்ணாடி அலுமாரியில் இருந்த கேடயத்தை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஹொல்ம்லியா ரயிலிலும் பிறகு நிலக்கீழ் ரீ-பானா ரயிலிலும் அந்தப் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கேடயம் பைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெடியன் அதைப் பார்த்து, வாழ்த்துகள் என்றான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது.

கதவைத் திறந்த புஷ்பராணியின் முகம் மாறிப்போனது. "வாங்கோ அக்கா, இருங்கோ, தேத்தண்ணி போடுறன்..."

சிவகாமி இருக்கவில்லை. கேடயத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"இது பொய், புஷ்பராணி. துஷ்யா டொக்டர் இல்லை. மூண்டாம் வருசமே படிப்பை விட்டிட்டாள். ரண்டு வருசமா என்னோடை கதைக்கிறதில்லை. நேற்றுக் கதைச்சது, முந்தநாள் கதைச்சது எல்லாம் பொய்."

சொல்லி முடித்ததும் இடி விழும் என்று நின்றாள். ஒன்றும் விழவில்லை. புஷ்பராணி கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டொக்டர் இல்லை எண்டு எனக்குத் தெரியும் அக்கா. எல்லாருக்கும் தெரியும். அதே கம்பசிலை எங்கடை பிள்ளையள் எத்தினை பேர் படிச்சது?"

"அண்டைக்கு மேடையிலை..."

"அண்டைக்கும் தெரியும். ஞானரட்ணம் அண்ணைக்குத்தான் தெரியாது. நீங்கள் மேடையிலை ஏறினாப் பிறகு நாங்கள் என்ன செய்யிறது, கைதட்டினம்."

"பிறகு ஏன் பாக்கிற நேரமெல்லாம் டொக்டர் மகள் எப்பிடி எண்டு கேட்டனீர்?"

"கேக்காமல் விட்டா, எங்களுக்குத் தெரியும் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சுபோமே அக்கா. நீங்கள் தாங்குவீங்களோ?"

சிவகாமி கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். யாரை ஏமாற்றினோம் இத்தனை நாளும்? எல்லாருமாகச் சேர்ந்து அவளுடைய பொய்யைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அவமானத்தைவிட அந்த அன்புதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

புஷ்பராணி திடீரென்று அழுதாள். "ஆனா யதுர்ஷா சொன்னதைத்தான் எனக்கு நம்ப ஏலாமல் போச்சு. நேற்றும் முகம் பாத்துக் கதைச்சனான் எண்டு சொன்னீங்களே! அதை நம்பி என்ரை பிள்ளைக்கு, நீ ஆளை மாறிப் பாத்திருப்பாய் எண்டு ஏசிப்போட்டன்."

"எந்த ஆள்? எங்கை பாத்தவள்?"

புஷ்பராணி கண்ணைத் துடைத்தாள். மகளுக்குத் தொலைபேசி எடுத்து மேசையில் வைத்தாள். யதுர்ஷாவின் குரல் வந்தது.

"யதுர்ஷா, நான் சிவகாமி அன்ரி. துஷ்யா எங்கை பிள்ளை?"

"அன்ரி, எங்களுக்குத் தவுஸ்ஹெட்ஸ்ப்ளிக்ட் இருக்கு, ஆஸ்பத்திரி வருத்தக்காரரைப் பற்றி வெளியிலை கதைக்கக் கூடாது. அம்மாவுக்குச் சொன்னதே பிழை..." குரல் உடைந்தது. "அக்கா இஞ்சை எங்கடை ஆஸ்பத்திரியிலை. நான் திங்கள்தான் இந்த வாட்டுக்கு வந்தனான். அதுவரைக்கும் எனக்கும் தெரியாது. சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை எண்டு வைன் தோட்டத்து மனுசி சொல்லியிருக்கிறா."

"உயிரோடை..."

"ஓம் அன்ரி, ஓம். உயிரோடைதான்." யதுர்ஷா மூச்செடுத்துக்கொண்டு சொன்னாள். "அறுவடை முடிஞ்ச நேரம். நிலவறைக்குள்ளை இறங்கின வேலைக்காரன் ஒருத்தன் திரும்பி வரேல்லையாம். பேக்கரியிலை நிண்ட அக்கா, கூப்பிட வந்தவையின்ரை காரிலை போய், மெழுகுதிரி எடுக்க நிக்காமல் ஓடி இறங்கிட்டா. அவனைப் பாதிப் படிவரைக்கும் தள்ளிக்கொண்டு வந்திட்டாவாம். அவன் பிழைச்சிட்டான். அக்காவுக்கு மூளைக்கு ஒட்சிசன் போகேல்லை. நடக்கிறா, சாப்பிடுறா. ஆனா நினைவு... நிறையப் போயிட்டுது. பொர்வாரே அவவுக்கு ஞாபகமில்லை."

திரி அணைந்தால் திரும்பி வா. சிவகாமி அதை வாசித்திருக்கிறாள். ஊரைப் பற்றி எல்லாம் தெரிந்த அவள், பிள்ளையிடம் ஒருக்கால் சொல்ல முடியாமல் இருந்தாள்.

"காட்டு பிள்ளை. எனக்கு அவளின்ரை முகத்தைக் காட்டு."

"அன்ரி, அதுக்கு முன்னம் ஒண்டு சொல்ல வேணும்..."

"பிறகு சொல்லு. முதல்ல காட்டு."

படம் ஆடியது. ஒரு நீளமான நடைவழி, ஒரு ஜன்னல். ஜன்னலருகில் ஆஸ்பத்திரி உடுப்போடு ஒரு பெண். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். திரும்பினாள். சதுக்கத்துக் கமரா இரண்டு வருடமாகக் காட்டாத முகம், கை நீட்டினால் தொடலாம் போலக் கிட்ட இருந்தது.

"அம்மா!" துஷ்யா சிரித்தாள். கோபத்தின் சுவடே இல்லை. "சுகமோ அம்மா? நான் இஞ்சை ஒரே பிசி. என்ரை வெள்ளைக் கோட்டை இந்த நேர்ஸ்மார் எங்கையோ வைச்சிட்டினம், காலமையிலை இருந்து தேடுறன். அண்டைக்கு நீங்கள் மேடையிலை என்ரை பட்டத்தை வாங்கினதை எல்லாருக்கும் சொன்னனான்."

யதுர்ஷா சொல்ல வந்தது அதுதான் என்று சிவகாமிக்கு விளங்கியது. படிப்பை விட்டது, தோட்டம், பச்சைக் கோட்டு, தாயோடு கொண்ட கோபம் எல்லாவற்றையும் அழித்துவிட்ட அந்த வாயு, இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. பிள்ளை தானாக வாழ்ந்த வாழ்க்கை முழுக்கப் போய்விட்டது. தாய் சொன்ன பொய் மாத்திரம் பத்திரமாக இருக்கிறது.

"பிள்ளை, நீ டொக்டர் இல்லையம்மா!" சிவகாமி குழறினாள். "நீ படிப்பை விட்டனீ. சரியாத்தான் செய்தனீ. அம்மாதான் சனத்துக்குப் பொய் சொன்னது. கேக்குதோ? அம்மா சொன்னது முழுக்கப் பொய்!"

துஷ்யாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அக்கம்பக்கம் பார்த்தாள். இடது தோளை ஒருமுறை குலுக்கினாள். பிறகு திரைக்குக் கிட்ட வந்து, இரகசியம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அம்மா, மெதுவாக் கதையுங்கோ. ஆக்கள் நிக்கினம்."

"துஷ்யா..."

"நான் டியூட்டியிலை நிக்கிறன் அம்மா. பிறகு எடுக்கிறன்."

திரை கறுத்தது. புஷ்பராணி சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மேசையில் கேடயம் இருந்தது.

சிவகாமியின் கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. குலேந்திரன். பொறுக்க முடியாமல் எடுத்திருக்கிறார்.

"கேட்டனீரோ? பிள்ளையோடை கதைச்சனீரோ? என்னவாம்?"

இத்தனை காலமும் யார் கேட்டாலும் தடக்காமல் வந்த பதில். இன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது. சிவகாமி வாயைத் திறந்தாள். அந்த ஒரு வசனம் மட்டும் வெளியே வரமாட்டேன் என்றது.